தூக்கிவிட்ட குடும்பம்

வரும் தேர்தலில் முதன்முறையாக ஒலிவாங்கியின் முன் நிற்கப் போகும் நண்பர்களே! நான் ஓய்வுபெற்ற மேடைப் பேச்சாளன். வயது முப்பத்தொன்று. சிரிக்க வேண்டாம். கல்லூரியின் முதலாண்டிலேயே பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கத் தொடங்கி, பட்டம் பெறுவதற்கு முன்பே கட்சி மேடை ஏறியவனுக்கு இது நீண்ட பணிக்காலம்தான். பெரம்பலூர், அரியலூர் இரு மாவட்டங்களிலும் என் குரல் எட்டாத கடைத்தெரு இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

தலைவர் வந்து சேரும்வரை கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். இந்தத் தொழிலில் மாற்ற முடியாத வழக்கம் ஒன்று உண்டு. தலைவரின் கார் கண்ணில் பட்ட நொடியில், நாம் எந்தச் சொல்லில் நின்றாலும் அதை அப்படியே விட்டுவிட்டு, ‘இதோ வந்துவிட்டார்!’ என்று முழங்க வேண்டும். எவ்வளவு அழகாகக் கட்டிய வாக்கியமானாலும் அதற்கு அங்கேயே முடிவு. வினைமுற்று இல்லாமல் நான் காற்றில் விட்டுவந்த வாக்கியங்கள் எத்தனையோ! அவை இன்னும் எங்கோ அலைந்துகொண்டிருப்பதாக நினைத்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. முடிக்க முடிந்த சில வாக்கியங்களைப் பற்றியும், அவற்றை முடித்ததனால் விளைந்ததைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லவில்லை. குரும்பலூரிலிருந்து பெரம்பலூருக்குப் பிழைக்க வந்தவர்கள். பழைய பேருந்து நிலையத்தின் அருகே ஒரே அறையில் லாரிகளுக்குக் கடன் கொடுக்கத் தொடங்கினார்கள். அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் பெருகப் பெருக, சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் பெருகின. லாரிகள் பெருகப் பெருக இவர்கள் வளர்ந்தார்கள். அறை அலுவலகமாயிற்று, அலுவலகம் கிளைகளாயிற்று, கிளைகள் சேர்ந்து வங்கியாயின. ஊரார் மட்டும் ‘பைனான்ஸ்காரர் வூடு’ என்பதை மாற்றிக்கொள்ளவில்லை. கோயில் தேருக்குப் புதுச் சக்கரம், மாதா கோயில் திருவிழாவுக்கு விளக்கு, எல்லாக் கட்சி மாநாட்டுக்கும் பந்தல் என்று கொடுத்துக்கொண்டே வந்தார்கள். எல்லாக் கட்சிக்காரர்களின் கழுத்துக்கும் மாலை வாங்கித் தந்தவர்கள், ஒருநாள் தங்கள் கழுத்துக்கே ஒரு மாலை வாங்குவதென்று முடிவு செய்தார்கள்.

குடும்பத்தின் தலைவரை எல்லோரும் ‘ஐயா’ என்பார்கள். அவருடைய மகள் மங்கையர்க்கரசி, அரியலூர்க் கிளையை நிர்வகிப்பவர். ஊருக்கு ‘அரசி அக்கா’. சென்ற சட்டமன்றத் தேர்தலில் அரசி அக்காவுக்குத் தொகுதியைக் கேட்டார் ஐயா. அதே தொகுதிக்கு, கட்சியில் தலை நரைத்த ஒன்றியச் செயலாளர் ஒருவரும் துண்டு போட்டிருந்தார். முடிவு சொல்ல, மேலிடப் பார்வையாளர் ஒருவர் சென்னையிலிருந்து ரயிலில் அரியலூர் வருவதாக ஏற்பாடு. பணம் இருப்பது மேலிடத்துக்குத் தெரியும். மக்கள் இந்தக் குடும்பத்தை மனதார ஏற்கிறார்களா என்பதை மட்டும் அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அவர் வரும் மாலையில் பொதுக்கூட்டம். கூட்டத்தைப் பிடித்து வைத்திருக்க நான்.

இரண்டு நாள் முன்னதாக ஐயா என்னைப் பெரம்பலூர் வீட்டுக்கு அழைத்தார்.

“தம்பி, வட்டிங்கற வார்த்தை மேடையில வரக்கூடாது” என்றார்.

“வராதுங்கய்யா.”

“பைனான்ஸும் வேணாம். கடன்... அதுவும் நல்லால்ல.”

“அப்ப நீங்க என்ன தொழில் பண்றீங்கன்னு சொல்றதுங்கய்யா?”

“அதுக்குத்தானே தம்பி உங்கள வச்சிருக்கோம்!”

நியாயமான பதில். அன்று மாலை முழுவதும் அறைக்குள் நடந்தேன். உட்கார்ந்து யோசிக்கும் பழக்கம் எனக்கில்லை. விழுந்தவனைத் தூக்கிவிடுவது அறம். தூக்கிவிட்டவனை மறவாமை பண்பு. இரண்டையும் ஒரே தொடரில் கட்டினால்? ‘தூக்கிவிட்ட குடும்பம்’. கைப்பேசியில் ஐயாவிடம் சொன்னேன். மறுமுனையில் அவர் இருமுறை சொல்லிப் பார்த்தார். “அடடா! இத்தன வருசம் என்னா பண்றோம்னு எங்களுக்கே தெரியாமப் போச்சே தம்பி” என்றார்.

என் சொல்லை இன்றும் நான் பிழை என்று ஒப்பமாட்டேன். எந்த அகராதியை வேண்டுமானாலும் விரித்துப் பாருங்கள். ஆனால் அகராதி பைபாஸ் சாலையில் லாரி ஓட்டுவதில்லை. எங்கள் வீட்டில் வண்டி என்றால் அப்பாவின் மிதிவண்டி. ஐயாவோ, தவணை தவறிய லாரிகளைப் பற்றிப் பேசும்போது, ‘வண்டி நம்மகிட்ட திரும்பி வந்துருச்சு’ என்று மட்டுமே சொல்லிப் பழகியவர். வழியில் மறித்து வண்டியைப் பறித்து வரும் ஆட்கள் அதற்கு என்ன சொல்வார்கள், பறிகொடுத்தவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை அவர் காது கேட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை அன்றாடம் கேட்கும் ஒரே ஆள் அரசி அக்கா. அவரிடம் நாங்கள் காட்டவில்லை.

கூட்ட நாள். ரயில் தாமதம் என்று செய்தி வந்தது. பெரம்பலூர்க்காரனுக்கு ரயில் என்றாலே தேர்தல் வாக்குறுதிதான். எங்கள் ஊருக்கு அது வந்ததே இல்லை. ஆகவே அதை வைத்து ஒரு நகைச்சுவை சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தேன். பிறகு குரலை ஏற்றினேன்.

“விழுந்து கிடந்த விவசாயியைத் தூக்கிவிட்டது யார்?”

முன்வரிசையில் உட்கார வைத்திருந்த தொண்டர்கள் சொல்லிக் கொடுத்தபடி முழங்கினார்கள்: “எங்கள் குடும்பம்!”

மேடையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த அரசி அக்கா விருட்டென்று தலை நிமிர்ந்தார். என் தமிழில் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

“படிக்க வழியற்ற பிள்ளைகளைத் தூக்கிவிட்டது யார்?”

“எங்கள் குடும்பம்!”

பின்வரிசையில் லாரி உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் திரளாக நின்றார்கள். மூன்றாவது அடுக்கை அவர்களுக்கென்றே கட்டி வைத்திருந்தேன். கையை அவர்கள் பக்கம் நீட்டினேன்.

“உழைக்கும் தோழர்களே! உங்களையும், உங்கள் வண்டிகளையும் தூக்கிவிட்டது யார்?”

தொண்டர்கள் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“இவுங்கதாங்க! போன வாரந்தான் தூக்குனாங்க!”

சிரிப்பு வெடித்தது.

“என்னுதையும் தூக்குனாங்க, பேட்டரியோட!”

“எனக்கு லோடோட தூக்குனாங்க சார்! கல்லக்கூட எறக்க வுடல!”

“விவசாயி டிராக்டர வுட்டுட்டீங்களே, அதையும் சேத்துக்கங்க!”

நூறு கைப்பேசிகள் உயர்ந்தன. அதுவரை முகத்தில் சலனமே காட்டாமல் அமர்ந்திருந்த ஒன்றியச் செயலாளர், துண்டால் வாயை மூடிக்கொண்டு, சோடா கேட்டார். ஐயா என் சட்டையின் பின்புறத்தைப் பிடித்து இழுத்தார்.

“என்னா தம்பி இது? மைக்க ஆஃப் பண்ணச் சொல்லுங்க.”

நண்பர்களே, இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். என் நாக்கின் நுனியில் பதில் தயாராக இருந்தது. ‘தூக்கினார்கள் என்கிறீர்களே, தவணையை முதலில் தவறவிட்டது யார்?’ பட்டிமன்றமாக இருந்திருந்தால் அந்த ஒரு கேள்வியில் எதிரணி உட்கார்ந்திருக்கும்; நடுவர் மேசையைத் தட்டியிருப்பார். கேள்வியின் முதல் எழுத்து உதட்டுக்கு வந்தும் விட்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. பட்டிமன்றத்தில் எதிரணி ஒருபுறம் இருக்கும், நடுவர் நடுவில் இருப்பார். இங்கே இரண்டும் ஒரே ஆட்கள். இவர்களை வாதத்தில் வீழ்த்திவிட்டு, பிறகு யாரிடம் போய் வெற்றி கேட்பது?

“முதல்ல பேசின அண்ணே, முன்னால வாங்க” என்றேன். எனக்கே தெரியாமல் எழுத்துத் தமிழிலிருந்து இறங்கியிருந்தேன்.

கூட்டம் வழிவிட்டது. கரிய, மெலிந்த மனிதர். மேடைக்குக் கீழேயே நின்றுகொண்டார். குனிந்து ஒலிவாங்கியை நீட்டினேன்.

“பேரு சவரிமுத்துங்க. வரதராசன்பேட்டை பக்கம். சொந்தமா ஒரு டிப்பர் ஓட்டுனேன். நான் சண்டைக்கு வரல சார். டியூ நின்னுபோச்சு, வண்டியத் தூக்குனாங்க. அது அவுங்க தொழிலு. ஆனா நான் செருப்பக் கழட்டிப் போட்டுட்டுதாங்க வண்டி ஓட்டுவேன். பெரம்பலூர் பைபாஸ்ல மறிச்சு, எறங்குன்னாங்க. எறங்கிட்டேன். செருப்பு உள்ள கெடக்கு, எடுத்துக்கறேன்னேன். நேரமில்லன்னு ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. உச்சி வெயில்ல தார் ரோட்டுல வெறுங்காலோட நின்னு பஸ்ஸுக்குக் கை காட்டுனேன். கண்டக்டரு என் காலப் பாத்துட்டு, ‘வேளாங்கண்ணிக்காண்ணே? அதுக்கு நடந்துல்ல போவணும், பஸ்ல ஏறுறியே’ன்னு கேக்கறான்.”

கூட்டம் சிரித்தது. சவரிமுத்து சிரிக்கவில்லை. மேடையை அண்ணாந்து பார்த்தார்.

“வண்டி உங்களுதுங்க. செருப்பு என்னுதுல்ல? அதுக்கு நீங்க பைனான்ஸ் குடுக்கலயே?”

இம்முறை சிரிப்பு வரவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பலர் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த அமைதியில், மைதானத்தின் வாசலில் நின்ற தொண்டர் எனக்குக் கையசைத்தார். பார்வையாளரின் கார் மைதானத்தை நோக்கித் திரும்பிவிட்டது.

தொழிலின் வழக்கமே என்னைக் காப்பாற்ற வந்திருந்தது. ‘இதோ வந்துவிட்டார்!’ என்று முழங்கினால் போதும். மேளம் அடிக்கும், பட்டாசு வெடிக்கும், சவரிமுத்துவின் கேள்வி அதன் கீழே நசுங்கும். ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஐயாவின் கண்கள் என்னைக் கெஞ்சின. இத்தனை தலைமுறை உழைப்பும் மகளின் அரசியல் வாழ்வும் என் ஒரு மூச்சில் தொங்குவதாக அந்தக் கண்கள் சொல்லின. அது மிகையும் அல்ல. மேளக்காரர் குச்சியை ஓங்கிவிட்டு என் வாயையே பார்த்தார்.

நான் அரசி அக்காவைப் பார்த்தேன். முழங்க வேண்டாம் என்பதுபோல், அவர் தலையை மிக இலேசாக, இடமும் வலமுமாக அசைத்தார்.

“மேலிடப் பார்வையாளர் வந்துகொண்டிருக்கிறார். அவரும் கேட்கட்டும். சகோதரர் சவரிமுத்துவின் கேள்விக்கு அரசி அக்கா இப்போது பதில் சொல்வார்” என்றேன். என் பணிக்காலத்தில் தலைவரின் வருகைக்காக முறித்துப் போடாத வாக்கியங்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் வினைமுற்று இருந்தது.

அரசி அக்கா ஒலிவாங்கியை வாங்கினார்.

“அண்ணே, செருப்பு உங்களுதுதான். வண்டியப் பத்தி இங்க பேசமாட்டேன். பேசுனா ஓட்டுக்குப் பேசுன மாதிரி ஆயிடும். நாளைக்குக் காலையில பெரம்பலூர் யார்டுக்கு வாங்க. செருப்ப நானே தேடி எடுத்துத் தரேன். அப்பா கோவிச்சுக்குவாரு. கோவிச்சுக்கட்டும்.”

மைதானம் அதிர்ந்தது. நான் பேசிய எந்தப் பேச்சுக்கும் அப்படி ஒரு கைத்தட்டல் கிடைத்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்பது உங்களுக்குப் புரியும். அந்த ஒலிக்குள்தான் பார்வையாளர் காரிலிருந்து இறங்கினார். மேடையேறி, என் காதருகே குனிந்து கேட்டார்: “எப்பவும் இப்படித்தான் கை தட்டுவாங்களா?”

“எப்பவும் இல்லைங்க” என்றேன்.

அவர் அதை என் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அன்றிரவு உணவுக்கு முன்பே தொகுதி உறுதியாயிற்று. ஒன்றியச் செயலாளர் மிச்சச் சோடாவை அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் காலை, பறித்து வந்த வண்டிகளை நிறுத்தி வைக்கும் அந்தத் திடலுக்கு நானும் போனேன். ஐயாவின் ஆட்கள் புகைப்படக்காரரை அழைத்து வந்திருந்தார்கள். பெட்டியோடு ஒரு புதிய தோல் செருப்பும் வாங்கி வந்திருந்தார்கள். சவரிமுத்து அன்றும் வெறுங்காலோடுதான் வந்தார். பிடிவாதமா, கையில் காசில்லையா என்று நான் கேட்கவில்லை.

பெட்டியைத் திறந்து நீட்டியபோது, எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது என்னுது இல்லைங்க.”

“அதனாலென்னாண்ணே, புதுசு, போட்டுக்கங்க. போட்டோவுக்கு நிக்கணும்” என்றார் ஐயாவின் ஆள்.

“அப்ப போட்டோவுக்கே போட்டு வுடுங்க.”

அரசி அக்கா காவலாளியிடம் கேட்டார்: “வண்டிக்குள்ள கெடக்கற சாமான்லாம் எங்க போடுவீங்க?”

அவர் கொட்டகையின் பின்புறத்தைக் காட்டினார். போய்ப் பார்த்தோம். ஒரு மூலை நிறையச் செருப்புகள். ரப்பர், தோல், வார் அறுந்தது, கம்பியால் கட்டியது. ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து, சுண்ணாம்புத் தூசி படிந்து எல்லாம் ஒரே நிறமாகியிருந்தன. தன் நிறுவனத்துக்குள் இப்படி ஒரு மூலை இருப்பது அரசி அக்காவுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? எந்தக் கணக்கிலும் அது வராதே. அவர் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, குனிந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டத் தொடங்கினார்.

“இதாண்ணே?”

“இல்லைங்க மேடம்.”

“இது?”

“அது பொடிசு. எவனோ கிளீனர் பையனுது போல.”

புகைப்படக் கருவி சொடுக்கிக்கொண்டே இருந்தது. “போட்டோ வேணாம், போதும்” என்றார் அவர், திரும்பாமலே. வேண்டிய படம் அதற்குள் எடுக்கப்பட்டிருந்தது. நெடுநேரம் கழித்து, நீல வார் வைத்த ஒன்றை அவர் தூக்கிப் பிடித்தபோது சவரிமுத்துவின் முகம் மலர்ந்தது. “இதேதாங்க! வலது காலு.” இடது கால் கிடைக்கவில்லை. குவியலை முழுதும் கலைத்துப் பார்த்தும் கிடைக்கவில்லை.

“ஒத்தச் செருப்ப வச்சு நான் என்னங்க பண்றது?” என்றார் சவரிமுத்து. “நீங்களே வச்சுக்கங்க மேடம். இன்னொன்னு கெடச்சா சொல்லி அனுப்புங்க, வந்து வாங்கிக்கறேன்.”

கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தார். அரசி அக்கா கையில் செருப்போடு நின்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. அது நடிப்பு என்று உங்களில் யாராவது சொன்னால் எதிரணியில் நான் நிற்பேன்.

மூன்றாம் நாள், பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை சுவரெல்லாம் அந்தப் படம். செருப்புக் குவியலின் முன் குனிந்திருக்கும் அரசி அக்கா. அடியில் பெரிய எழுத்தில் என் தொடர்: ‘தூக்கிவிட்ட குடும்பம்’. மைதானத்தில் சிரித்தவர்களே சுவரின் முன் நின்று மெச்சினார்கள். என்னைக் கேலி செய்து பரவிய காணொளிகள் அந்த ஒரு படத்தில் காணாமல் போயின. அரசி அக்கா வென்றார். முன்பு மந்திரிகளைப் பார்க்க வாசலில் காத்திருந்த குடும்பத்தின் வாசலில் இன்று மந்திரிகளின் கார்கள் நிற்கின்றன. ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க வார்த்தை தூக்கிருச்சு தம்பி!” என்றார். சவரிமுத்துவின் லாரி ஏலத்தில் போயிற்று.

குடும்பம் எனக்கு நிலையான வேலை தருவதாகச் சொன்னது. அடுத்த கூட்டத்தில் பேச எழுந்தேன். அந்தத் தொடரைச் சொல்லச் சொல்லிக் கூட்டம் கேட்டது. சொன்னேன், கைத்தட்டினார்கள், இறங்கிவிட்டேன். அதன்பின் மேடை ஏறவே இல்லை. எந்த அணியில் பெயர் கொடுத்தாலும் வாதிடக்கூடியவன் நான். அன்று அந்த வழக்கத்தின்படி முழங்கியிருந்தால் ஒரு மனிதனின் கேள்வி நசுங்கியிருக்கும். முழங்காததால் அந்தக் கேள்வியே அவர்களுக்கு ஏணியாயிற்று. இந்த ஒன்றில் மட்டும் எந்த அணியில் நிற்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அறைக்குள் நடக்கிறேன், நடந்துகொண்டே இருக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒரு சொல்லை மேடைக்குக் கொண்டுபோகும் முன், அந்தச் சொல் அந்த ஊரில் என்ன வேலை பார்க்கிறது என்று விசாரியுங்கள்.

சென்ற மாதம் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். பைபாஸ் தாண்டியதும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். ஓரத்தில் ஒரு டிப்பர் மறிக்கப்பட்டு நின்றது. சன்னல் வழியே எல்லாம் கேட்டது. குடும்பத்தின் சின்னம் பொறித்த சட்டையணிந்த இளைஞன் ஒருவன், கதவைத் திறந்து பிடித்தபடி, மிகுந்த பணிவோடு சொன்னான்: “அண்ணே, செருப்ப மாட்டிக்கிட்டு எறங்குங்கண்ணே. மெதுவா. ஒன்னும் அவசரமில்ல.”

லாரிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். எங்கள் பேருந்துக்கே கை காட்டினார். ஏறி, காலியாக இருந்த என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். டிப்பர் எதிர்த்திசையில் போவதைத் தலை திருப்பிப் பார்த்தார். அது மறையும்வரை பார்த்தார்.

“வண்டி போயிருச்சாண்ணே?” என்றேன்.

“ஆமாங்க” என்றார் அவர், தன் கால்களைப் பார்த்துக்கொண்டே. “ஆனா மரியாதையாத்தாங்க தூக்குனாங்க.”